எரிகோ நடை, மனை எண் 41

திருப்போரூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ரேடியம் ஸ்டிக்கர் கடை வைத்திருக்கும் தேவேந்திரனிடம் கடவுளின் வாக்குத்தத்தங்கள் எல்லா அளவிலும் கிடைக்கும். ஆட்டோவின் முன்கண்ணாடிக்கு ஒரு முழ நீளம், பைக்கின் பெட்ரோல் டேங்குக்கு உள்ளங்கை அகலம், மீன் வண்டிக்குத் தண்ணீர் பட்டாலும் உரியாத தினுசு. 'கைவிட மாட்டார்' நன்றாகப் போகும். 'சொன்னதைச் செய்வார்' அதைவிட நன்றாகப் போகும். முருகன் ஊர் என்பதால் வேலும் மயிலும் வெட்டித் தருவான், கேட்டால் பிறையும் வெட்டித் தருவான். ஞானஸ்நானம் எடுத்தவன் இதையெல்லாம் வெட்டலாமா என்று சபையில் ஒருமுறை பேச்சு வந்தது. "கை தொழில் பண்ணுது, மனசு கர்த்தராண்ட கீது" என்று சொல்லி அந்தப் பேச்சுக்கு அன்றைக்கே முற்றுப்புள்ளி வைத்தான்.

விசுவாசத்தில் அவனைக் குறை சொல்ல முடியாது. குறிப்பாக, கடவுளுக்கு அவர் கொடுத்த வாக்கை ஞாபகப்படுத்துவதில் அந்த வட்டாரத்தில் அவனுக்கு ஈடு கிடையாது. ஜெபிக்க எழுந்தால், ஆபிரகாமுக்கு இன்னது சொன்னீரே, யாக்கோபுக்கு இன்னது சொன்னீரே, போன ஜனவரியில் எனக்கு இன்னது சொன்னீரே என்று தேதிவாரியாக எடுத்து வைப்பான். கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்குக் கடவுள்மேல் கொஞ்சம் இரக்கம்கூட வந்துவிடும்.

அவன் மனைவி பரிமளாவும் விசுவாசிதான், ஆனால் சத்தம் கம்மி. கல்யாணமான புதிதில் அவன் அவளுக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தான், சொந்த வீடு. இருபத்துநாலு வருஷத்தில் ஒன்பது வாடகை வீடு மாறியாயிற்று. அவள் மாடி கேட்கவில்லை, மொசைக் கேட்கவில்லை. யாரையும் கேட்காமல் ஆணி அடிக்க ஒரு சுவர் வேண்டும் என்பாள். ஒன்பது வீட்டிலும் காலண்டர் ஜன்னல் கம்பியில்தான் தொங்கியது, ஏனென்றால் ஒன்பது வீட்டுக்காரர்களும் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்றுதான் முதல் நாளே சொன்னார்கள்.

மனை இல்லாமல் இல்லை. பன்னிரண்டு வருஷம் முன்பு, திருப்போரூரிலிருந்து நெம்மேலி போகும் ரோட்டில் 'சங்குமணி நகர்' என்று பெயர் வைத்துக் கூறுபோட்ட இடத்தில் நாற்பத்திரண்டாம் எண் மனையை வாங்கிப் போட்டிருந்தான். வீட்டு வாசலில் நின்றால் கடல் தெரியும் என்று நோட்டீஸில் போட்டிருந்தார்கள். காற்று வந்தது உண்மை. கடலுக்குப் பதிலாக சீமைக் கருவேல முள் தெரிந்தது.

பக்கத்து மனை, நாற்பத்தொன்று, மதுராந்தகத்தில் அரிசி மண்டி வைத்திருக்கும் ஷஃபியுல்லா பாயுடையது. அவருடைய மகள் ஹனியாவைக் கோவளத்தில் கொடுத்திருந்தது. மகளுக்குப் பக்கமாக ஒரு வீடு கட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும் என்று அவர் மனைவி அமீனா பீவிக்கு ஆசை. நாலு வருஷம் முன்பு வீடு கட்டலாம் என்று சர்வேயரைக் கூட்டிவந்து அளந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. மனை போட்டவர்கள் தேவேந்திரனின் எல்லைக்கல்லை மூன்று அடி தள்ளி, பாயின் மனைக்குள் நட்டிருந்தார்கள். தப்பு தேவேந்திரன் மேல் இல்லை. கல்லை நகர்த்தச் சம்மதித்து அவன் ஒரு கையெழுத்துப் போட்டால் முடிந்தது.

பாய் ஒரு கிலோ அல்வாவோடு கடைக்கு வந்தார். தேவேந்திரன் அல்வாவை வாங்கிக்கொண்டான். "கிறிஸ்மஸ் முடியட்டும் பாய், போட்டுக் குடுத்துடறேன். நம்ம வாக்கு குடுத்தா குடுத்ததுதான்" என்று அவர் கையைப் பிடித்துச் சொன்னான்.

கிறிஸ்மஸ் முடிந்தது. ஈஸ்டருக்கு முந்தைய லெந்து உபவாச நாள் வந்தது, அதில் இந்த மாதிரி லௌகீகம் கூடாது. ஈஸ்டர் முடிந்தது, வெயில். அப்புறம் மழை, மனையில் தண்ணீர். ஒவ்வொரு தடவையும் பாய் ஃபோன் பண்ணினால், "ஜெபத்துல வெச்சிகீறேன் பாய்" என்பான். பொய் இல்லை, ஜெபத்தில் வைத்துத்தான் இருந்தான். அது எடுக்கப்படாமல் அங்கேயே இருந்தது.

இதற்கு நடுவில்தான் அந்தப் புத்தாண்டு அட்டை வந்து சேர்ந்தது. அவர்கள் சபையில் வருஷப் பிறப்பு ஆராதனை முடிந்ததும் தட்டில் அட்டைகளைக் கவிழ்த்து வைப்பார்கள். ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும், அதில் இருப்பது அந்த வருஷத்துக்கு அவருக்கென்று கடவுள் கொடுத்த வாக்கு. தேவேந்திரன் எடுத்த அட்டையில், எல்லைகளை விரிவாக்குவது பற்றி ஒரு வசனம் இருந்தது. அவன் அதை இரண்டு முறை படித்தான். எல்லை, விரிவு, மூன்று அடி. கடவுளே கொடுத்ததைக் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுப்பது அவிசுவாசம் இல்லையா? அதற்கப்புறம் பாயின் ஃபோனை அவன் எடுப்பதுகூடக் குறைந்துவிட்டது.

அவனுடைய பட்டாவும் வரவில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். இரண்டு முறை ஏதோ கடிதம் வந்தது. தேவேந்திரனுக்கு ஒரு பழக்கம், ஆபீஸ் கடிதம் எது வந்தாலும் பிரிக்காமல் வேதப் புத்தகத்துக்குள் வைத்து, மேலே கையை வைத்து ஜெபித்துவிடுவான். பிரித்துப் பார்த்தால் மனித அறிவு குறுக்கே வந்துவிடும் என்பது அவன் கட்சி. ஆபீஸில் எவனோ ஒருவனின் கை தன் ஃபைலைத் தடுக்கிறது என்றும், அந்தக் கைக்குப் பின்னால் சாத்தான் இருக்கிறான் என்றும் முடிவு கட்டியிருந்தான்.

இந்த பிப்ரவரியில் வீட்டுக்காரர் வந்தார். மகனுக்குக் கல்யாணம், மே மாதத்துக்குள் காலி பண்ண வேண்டும் என்றார். பரிமளா உள்ளே போய், போன தடவை வீடு மாறியபோது எடுத்து வைத்த அட்டைப்பெட்டிகளைப் பரண்மேலிருந்து இறக்கித் தூசி தட்டினாள். தேவேந்திரனுக்கு அதைப் பார்க்கத் தாங்கவில்லை.

"பெட்டிய மேல வெய்யி. இந்த தபா வாடகை வூடு கெடையாது. கர்த்தர் பார்த்துக்குவாரு."

"அவுரு பாப்பாரு. நீ ஒருக்கா போயி மனையப் பாத்துட்டு வா" என்றாள் பரிமளா.

போனான். எட்டு மாதமாகிறது அந்தப் பக்கம் போய். ஸ்கூட்டரை நிறுத்தியவன் அப்படியே நின்றுவிட்டான். முள்காட்டுக்கு நடுவே ஒரு மனை மட்டும் வழித்துத் துடைத்தாற்போலச் சுத்தமாகக் கிடந்தது. நடுவில் இரும்புக் குழாயில் அவன் கையால் வெட்டி ஒட்டிய போர்டு நின்றது: 'கர்த்தர் சொன்னதைச் செய்வார்'. கீழே சின்ன எழுத்தில், 'இந்த மனை விற்பனைக்கு அல்ல. தேவேந்திரன், ரேடியம் கட்டிங், திருப்போரூர்.'

நடந்தது இதுதான். திரும்பவும் ஒருமுறை அளந்து பார்க்கலாம் என்று பாய் ஜேசிபி அனுப்பித் தன் மனையைச் சுத்தம் செய்திருந்தார். தேவேந்திரனின் போர்டு அந்த மூன்று அடிக்குள் நின்றது. ஜேசிபிக்காரன் அதைப் பிடுங்கி ஓரமாகப் போட்டுவிட்டு வேலையை முடித்தான். போகும்போது, பாவம், யாரோ சாமி போர்டு, கீழே கிடக்கக் கூடாது என்று தூக்கிச் சுத்தமான இடத்தில் நட்டுவிட்டுப் போனான். தேவேந்திரனின் மனை பக்கத்திலேயே, முள்ளோடு முள்ளாக, இருந்த இடத்தில் இருந்தது.

தேவேந்திரன் மண்ணில் முழங்கால் போட்டான். கண்ணில் தண்ணீர் வந்தது, அதில் நடிப்பு ஒன்றுமில்லை. வந்த ஞாயிறு சபையில் சாட்சி சொன்னான். யார் சுத்தம் செய்தது என்று தெரியவில்லை, கூலி வாங்க ஒருத்தரும் வரவில்லை, மனிதக் கையால் ஆன வேலை இல்லை என்றான். சபை கைதட்டியது. பரிமளா மட்டும் வீட்டுக்கு வந்ததும் கேட்டாள்.

"நம்ம மனைல ஒரு ஈச்ச மரம் இருந்துச்சே, அது இன்னா ஆச்சி?"

"கர்த்தர் முள்ளயே புடுங்குனவரு, ஈச்ச மரத்த வுட்டு வெப்பாரா?"

அதற்கு மேல் கேட்டால் அவிசுவாசம் என்பான் என்று அவள் கேட்கவில்லை.

அடையாளம் கிடைத்தாயிற்று, அடுத்தது எரிகோ நடை. எரிகோ பட்டணத்தை ஜனங்கள் ஆறு நாள் தினம் ஒருமுறையும் ஏழாம் நாள் ஏழு முறையும் வாய் திறக்காமல் சுற்றிவந்தார்கள், மதில் விழுந்தது. அதே மாதிரி வராத இடத்தையும் நடக்காத காரியத்தையும் சுற்றிவந்து ஜெபிப்பது இப்போது எல்லாச் சபையிலும் உண்டு. போதகர் செல்வராஜ் மென்மையான மனிதர், யாரிடமும் மறுத்துப் பேச மாட்டார். அவரே கொஞ்சம் தயங்கினார்.

"பிரதர், அவங்க சுத்துனது மத்தவங்க ஊர. நம்ம மனைய நாமளே சுத்தறது சரியா வருமா?"

"தட பண்றவன் எவனோ, அவனச் சுத்தறோம்னு வெச்சிக்குங்க பாஸ்டர்" என்றான் தேவேந்திரன். போதகருக்கு அது சரியாகத்தான் பட்டது.

நாலு பேர் போனார்கள். போதகர், தேவேந்திரன், பரிமளா, அப்புறம் கன்னியம்மா. கன்னியம்மா கடலோரக் குப்பத்திலிருந்து காலையில் மீன் எடுத்துக்கொண்டு திருப்போரூருக்கு விற்க வருகிறவள். போகிற வழிதானே என்று கூடையோடு வந்து இறங்குவாள். கூடையை ரோட்டோரம் வைத்துவிட்டு, ஒரு கண்ணைப் பரலோகத்திலும் மறு கண்ணைக் காக்கையிலும் வைத்துக்கொண்டு நடப்பாள். பேசக் கூடாது என்பதால் காக்கையை 'சூ' என்று விரட்டவும் முடியாமல், கையை மட்டும் ஆட்டுவாள்.

காலை ஆறு மணிக்கு ஒரு சுற்று. பிறகு போர்டுக்கு அடியில் நின்று ஜெபம். முதல் நாளே தேவேந்திரன் மனம் திறந்து ஜெபித்தான்.

"ஆண்டவரே! இந்த மனைக்கு எந்தக் கை தடையா கீதோ, அந்தக் கைய நீரே பாத்துக்கும். அது தானா வந்து கையெழுத்து போடற வரைக்கும் அதுக்கு வேற வேல ஓடக் கூடாது!"

"ஆமென்" என்றார் போதகர்.

"ஆமென். வீங்கிப் போவட்டும் ஆண்டவரே" என்றாள் கன்னியம்மா. போதகர் இருமினார்.

பரிமளா இரண்டாம் நாள் ஒன்றைக் கவனித்தாள். பக்கத்து முள்காட்டுக்கு நடுவிலிருந்து ஒரு ஈச்ச மரம் தலையை நீட்டிக்கொண்டிருந்தது. அவள் தேவேந்திரனின் தோளைத் தொட்டு அந்தப் பக்கம் கை காட்டினாள். அவன் உதட்டில் விரலை வைத்தான். சுற்று முடிந்ததும் அவள் மரத்தைப் பற்றிச் சொன்னதற்கு அவன், "ஊர்ல ஈச்ச மரமா இல்ல? சந்தேகப்படறவங்கள வெச்சிகினு சுத்தனா மதிலு எப்படி விழும்?" என்றான். அவள் சரி என்று விட்டுவிட்டாள். அவளுக்கும் அந்தச் சுத்தமான மனையே தங்களுடையதாக இருந்துவிடக் கூடாதா என்று ஒரு நப்பாசை இருந்தது.

நாலாம் நாள், முள்காட்டு ஓரமாக நடக்கும்போது வெளியே நீண்டிருந்த ஒரு கிளை தேவேந்திரனின் வலது கையைக் கீறியது. முள் ஒன்று உள்ளங்கையில் ஏறி ஒடிந்தது. பேசக் கூடாது என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டு சுற்றை முடித்தான். ஐந்தாம் நாள் கை வீங்கியது. ஆறாம் நாள் டாக்டர் ஊசி போட்டு, மணிக்கட்டுவரை கட்டுப் போட்டு, ஒரு வாரம் இந்தக் கையால் எந்த வேலையும் செய்யாதே என்றார். கட்டர் பிடிக்க முடியாமல் கடை இரண்டு நாளாக மூடிக் கிடந்தது.

"சாத்தான் நடுங்கறான். அதான் கைல அடிக்கிறான்" என்றான் தேவேந்திரன். பரிமளா அந்தக் கட்டுப் போட்ட கையை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மாத்திரையை எடுத்துக் கொடுத்தாள்.

ஏழாம் நாள் சனிக்கிழமை. ஏழு சுற்று. ஆறாவது சுற்று முடிகிற நேரம் ஷேர் ஆட்டோக்காரன் ரோட்டில் நின்று ஹாரன் அடித்தான். கன்னியம்மா கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, பேசக் கூடாது என்பதையும் மறந்து, "ஒரு சுத்துதான் பாக்கி, எனக்கும் சேத்து சுத்திடுங்க" என்று கத்திவிட்டு ஏறிப் போனாள்.

அந்த ஆட்டோ நகர்ந்த பிறகுதான் அதற்குப் பின்னால் ஒரு கார் நிற்பது தெரிந்தது. ஷஃபியுல்லா பாய் வெள்ளைச் சட்டையில், கையில் ஒரு ஃப்ளாஸ்கோடு, மனைக்கு வெளியே நின்றிருந்தார். பக்கத்தில் சர்வேயர் சதாசிவம், டேப்போடு. ஜெபத்தில் இருப்பவர்களுக்குக் குறுக்கே போகக் கூடாது என்று வந்ததிலிருந்து ஓரமாகவே நின்றிருக்கிறார்கள்.

"தம்பி, முடிஞ்சிடுச்சா? உள்ள வரலாமா?" என்றார் பாய்.

"வாங்க பாய், நம்ம எடம்தான்" என்றான் தேவேந்திரன், பெருந்தன்மையாக.

பாய் உள்ளே வந்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"நேத்து ஜேசிபி ஆளு ஃபோன் பண்ணான் தம்பி. பாய், உங்க மனைய நாலு பேரு தெனம் காலைல சுத்தறாங்க, சூனியமா இன்னான்னு தெரியலேன்னான். யாருன்னு கேட்டேன். ஸ்டிக்கர் கட அண்ணாத்தன்னான். நான் சொன்னேன், அட கிறுக்கா, அவுரு எனக்காக துவா பண்றாருன்னு."

"உங்க மனையா?" என்றான் தேவேந்திரன்.

சதாசிவம் குனிந்து, மூலையில் இருந்த கல்லின் மண்ணை வண்டிச் சாவியால் சுரண்டினார். மங்கலான சிவப்புப் பெயிண்டில் நாற்பத்தொன்று தெரிந்தது. நாற்பத்திரண்டு எங்கே என்று யாரும் கேட்கவில்லை. நாலு பேர் கண்ணும் முள்காட்டுக்குப் போய், ஈச்ச மரத்தின் தலையில் நின்றன.

பாய் எதையும் கவனிக்கவில்லை. அவர் தன் நிறைவில் இருந்தார். "ஏழு நாளா துவா பண்ணீங்களே, இன்னா கேட்டு பண்ணீங்க தம்பி?"

தேவேந்திரன் இன்னும் ஈச்ச மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்ற மரியாதையில் போதகர் செல்வராஜ் முன்வந்தார். "இந்த மனைக்கு எந்தக் கை தடையா இருக்கோ, அந்தக் கை தானா வந்து கையெழுத்துப் போடணும்னு... போடற வரைக்கும் அதுக்கு வேற வேலை..." போகப் போக அவர் குரல் தேய்ந்தது. அவர் பார்வை மெல்ல இறங்கித் தேவேந்திரனின் கட்டுப் போட்ட கையில் வந்து நின்றது.

"இந்த மனைக்கு தட ஒரே ஒரு கையெழுத்துதாங்க" என்றார் சதாசிவம், தன் பாட்டுக்கு டேப்பை இழுத்துக்கொண்டே. "உங்க நாப்பத்திரண்டுக்கும் அதே கையெழுத்துதான். பொது எல்ல முடிவாவாம ரெண்டு பேர் பட்டாவும் ஆவாது. ரெண்டு தபா லெட்டர் வந்துச்சே, படிக்கல?"

பரிமளா கணவனைப் பார்த்தாள். வேதப் புத்தகத்துக்குள் அந்த இரண்டு கடிதங்களும் எந்த அதிகாரத்தில் இருக்கின்றன என்றுகூட அவளுக்குத் தெரியும்.

"படிக்கலேன்னா இன்னா, இப்பதான் வந்துட்டாரே" என்றார் பாய். "தம்பி, ஒண்ணு சொல்றேன். என் புள்ள முபஷ்ஷிர் கோர்ட்டுக்குப் போலாம் வாப்பான்னு ரெண்டு வருஷமா சொல்லிகினு கீறான். அமீனாகூட, அந்த ஆளு ஏமாத்தறாருன்னா. நான்தான் வுடல. அவுரு கடயப் போயி பாரு, கண்ணாடி பூரா 'சொன்னதைச் செய்வார்'னு ஒட்டி வெச்சிகீறாரு. கடவுள் வாக்கு தவற மாட்டாருன்னு அவ்ளோ நம்பற மனுசன் தன் வாக்க தவறுவாரா? லேட்டாவும், ஆனா செய்வாருன்னேன். நாலு வருஷம் அத நம்பித்தான் குந்திகினு இருந்தேன்."

அவர் ஃப்ளாஸ்கைத் திறந்து, மூடியில் டீ ஊற்றி, முதலில் அவனிடம் நீட்டினார்.

தேவேந்திரனுக்குக் காது எரிந்தது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பான், வழக்குப் போட்டிருந்தால் சாத்தான் என்று சொல்லி ஜெபித்திருப்பான். நம்பிக்கொண்டிருந்தார் என்பதற்கு என்ன செய்வது? தான் கடவுளை நம்பியதைக் காட்டிலும் இந்த மனிதர் தன்னை நம்பியிருக்கிறார் என்று நினைத்தபோது வெட்கத்தில் அவன் கண் பாயின் முகத்தை விட்டு டீ மூடிக்கு இறங்கியது. அந்த நிலையிலும், பழக்க தோஷம், 'ஈஸ்டர் முடியட்டும் பாய்' என்ற வார்த்தை நாக்கு நுனியில் தயாராக வந்து நின்றது. அதை அவனே பயத்தோடு பார்த்தான்.

டீயை இடது கையால் வாங்கிக் குடித்தான். மூடியைத் திருப்பிக் கொடுத்தான்.

"எங்க போடணும்?" என்று சதாசிவத்திடம் கேட்டான்.

சதாசிவம் பேப்பரை எடுத்துக் காரின் பானெட்டில் விரித்தார். தேவேந்திரனின் விரல்களுக்குள் பேனாவைச் சொருகிப் பார்த்தார்கள், நிற்கவில்லை. "கையெழுத்து வரலேன்னா கைநாட்டு வெய்யுங்க, சாட்சிக்கு பாஸ்டர் போடட்டும்" என்றார் சதாசிவம். திருப்போரூருக்கு வருகிற வண்டியில் பாதி வண்டிக்கு எழுத்து வெட்டிக் கொடுத்தவன், மைப் பெட்டியில் இடது கட்டைவிரலை அழுத்தி எடுத்து, எழுதப் படிக்கத் தெரியாதவன்போல ரேகை வைத்தான்.

"பாய், லேட்டாயிடுச்சி" என்றான். அதைச் சொல்வதற்குள் அவனுக்கு அழுகை வந்துவிட்டது.

"அதனால இன்னா தம்பி" என்றார் பாய்.

போதகர் புறப்படலாமா என்பதுபோலப் பார்த்தார். பரிமளாதான் சொன்னாள். "ஒரு சுத்து பாக்கி கீது பாஸ்டர்."

"எந்த மனைய சுத்தறது சிஸ்டர்?"

"ஆரம்பிச்சது பாய் மனைக்கு. அத முடிச்சிடுவோம். நம்ம முள்ளுக்கு அப்பால வரலாம்."

சுற்றினார்கள். பாயும் செருப்பைக் கழற்றிவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு, பின்னாலேயே நடந்தார். யாரும் பேசவில்லை. சுற்று முடிந்ததும் தேவேந்திரன் போர்டின் குழாயை இடது கையால் பிடித்து அசைத்துப் பார்த்தான், வரவில்லை. ஜேசிபிக்காரன் பக்தியோடு ஆழமாக நட்டிருந்தான். பரிமளாவும் பாயும் சேர்ந்து பிடித்து இழுத்தார்கள். வந்தது. அதைக் கொண்டுபோய், சதாசிவம் அளந்து சுண்ணாம்பு போட்ட கோட்டுக்கு அந்தப் பக்கம், முள்ளின் ஓரமாக நட்டார்கள்.

"ரெண்டு பட்டாவும் ஒண்ணாதான் வரும்" என்றார் சதாசிவம். "மே மாசத்துக்குள்ள வூடு கட்டிட முடியாது, ஆனா அடுத்த மே வரைக்கும் இழுக்காது." ஸ்கூட்டரில் திரும்பும்போது பரிமளா பின்னாலிருந்து, பத்தாவது வீடு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கமாக இருந்தால் பரவாயில்லை என்றாள். அவளுடைய குரலில் கோபம் இல்லாதது தேவேந்திரனுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

மறுநாள் ஞாயிறு. ஏழு நாள் நடை முடிந்தால் சாட்சி சொல்கிறேன் என்று சபைக்கு ஏற்கெனவே சொல்லியிருந்தான். தகர ஷெட் நிறைந்திருந்தது. போதகர் அவனைக் கூப்பிடலாமா வேண்டாமா என்று யோசிப்பதற்குள் தேவேந்திரனே எழுந்து முன்னால் போய் நின்றான்.

"கர்த்தர் ஜெபத்த கேட்டாரு" என்றான். "நாம கேட்டது ஒரு எழுத்து கூட கீழ வுழல. மனைக்கு தடையா இருந்த ஆள கண்டுபுட்சி, அவன் வேலய நிறுத்தி, எடத்துக்கே இட்டாந்து, நேத்து காலைல கையெழுத்து வாங்கிட்டாரு."

"அல்லேலூயா!" என்றது சபை. தகரம் அதிர்ந்தது.

கன்னியம்மா பெண்கள் பக்கம் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். கடைசிச் சுற்றை விட்டுவிட்டுப் போனவள் அல்லவா, அவளுக்குப் பொறுக்கவில்லை. "யாருப்பா அந்தப் பாவி? கை வீங்குச்சா இல்லயா?" என்று உரக்கக் கேட்டாள்.

தேவேந்திரன் கட்டுப் போட்ட வலது கையை மேலே தூக்கிக் காட்டினான்.

அவன் துதிக்கக் கை உயர்த்துகிறான் என்று சபை நினைத்தது. அத்தனை பேரும் கையை உயர்த்தினார்கள். யாரோ பாட்டை ஆரம்பிக்க, டோலக் சேர்ந்துகொள்ள, கன்னியம்மாவும் இரண்டு கையையும் தூக்கிக் கண்ணை மூடிப் பாட ஆரம்பித்துவிட்டாள். அந்தப் பாட்டோடு அவன் இறங்கிப் போய் உட்கார்ந்திருக்கலாம். ஒருத்தருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. பரிமளா மட்டும் பாடாமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐந்து சரணம். தேவேந்திரன் கையை இறக்காமல் நின்றான். வலி தோள்வரை ஏறியது. பாட்டு முடிந்து, டோலக் ஓய்ந்து, எல்லோரும் கண்ணைத் திறந்து உட்கார்ந்த பிறகு, அவன் கன்னியம்மாவைப் பார்த்துச் சொன்னான்.

"வீங்குச்சிக்கா. இந்தக் கைதான் அது."